60 கன்று கேட்டுப் போனேன், 22 தான் கொடுத்தார்

ஊட்டிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், அப்பா விட்டுப்போன ஒன்றேகால் ஏக்கர் நிலம் எங்களுக்கு இருக்கிறது. தபால் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம், முறைப்படி அனுமதி வாங்கி அதில் நின்ற சீகை மரங்களை வெட்டியதுதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மலையில் சீகை என்றால் சீயக்காய் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம். நிலத்தின் அடியில் ஒரு ஊற்று உண்டு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மே மாதத்திலும் அதில் குடம் நிறையும். இப்போது மார்ச்சிலேயே வெறும் ஈரம்தான். சோலைக்காட்டு மரங்களை, அதாவது மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கிற இந்த மண்ணின் மரங்களை, நட்டால் ஊற்று பிழைக்கும் என்ற ஆசையில் ஒரு நாற்றங்காலைத் தேடிப் போனேன்.

அந்த நாற்றங்காலைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு பனிக்காலம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று நடத்துகிற தம்பியே கேட்டுக்கொண்டார். வருஷத்துக்குச் சில ஆயிரம் கன்றுகள்தான் வளர்க்கிறார், கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாதாம். கோத்தகிரி சாலையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

போனதும் 60 கன்று வேண்டும் என்றேன். கன்று 70 ரூபாய். பையை எடுப்பார் என்று பார்த்தால், “அம்மா, உங்க நிலத்துல பனி எங்க விழும்?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. காலையில் எழுந்து பார்க்கும்போது எந்த இடம் வெள்ளையாக இருக்கும், எந்த இடம் பச்சையாகவே இருக்கும் என்று விளக்கிக் கேட்டார். சரிவு முழுக்க வெள்ளையாக இருக்கும், கிழக்கே ஓடை மடிப்பில் பழைய மரங்கள் நிற்கிற இடம் மட்டும் பச்சை என்றேன். “அப்போ அந்த மடிப்புக்கு மட்டும் மரம். 22 போதும். சரிவுக்குப் புல்லு கொண்டு போங்க” என்றார். புல் தூர் ஒன்று 8 ரூபாய், 150 தூர். மொத்தம் 2,740 ரூபாய். 4,200 ரூபாய் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்ட கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காசு கொடுத்துப் புல் வாங்குவதா என்று வீட்டில் எல்லோருக்கும் கோபம். எனக்கும் மனசு ஒப்பவில்லை. அதனால் ஒரு தப்பு செய்தேன். வேறொரு இடத்தில் ஆறு காட்டு நாவல் கன்றுகள் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் திறந்த சரிவில் நட்டேன். நவம்பர் வரை தளதளவென்று இருந்தன. டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரு காலை போய்ப் பார்த்தால், இலை கொதிநீரில் முக்கி எடுத்ததுபோலத் துவண்டு, பழுப்பும் கருப்புமாக இருந்தது. விரலால் தொட்டேன், ஈரத் துணிபோல ஒட்டிக்கொண்டது. பிப்ரவரிக்குள் ஐந்து போய்விட்டது. மடிப்பில் மர நிழலில் வைத்த 22 கன்றுகளில் அந்தப் பனிக்காலத்தில் செத்தது இரண்டே இரண்டு.

அப்புறம்தான் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றைச் சரிவில் புல் மட்டத்திலும் இன்னொன்றை மரத்தடியிலும் கட்டினேன். ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் சரிவில் மைனஸ் 2, நாற்பது அடி தள்ளி மரத்தடியில் 4 டிகிரி. மேகம் இல்லாத இரவில் திறந்த நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மரக்கூட்டம் கம்பளிபோல அதைப் பிடித்துவைக்கிறது. நீலகிரியில் ஏன் மடிப்பில் சோலையும் மேட்டில் புல்வெளியுமாக, வரப்புப் போட்டு வகுத்ததுபோல இருக்கிறது என்று 60 வயதில் எனக்கு விளங்கியது.

நாற்றங்கால் தம்பி இதையெல்லாம் வாய்ச்சொல்லாக விடவில்லை. பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அதைத் தேடி வாங்கிப் படித்தேன். சோலை மரக்கன்றைப் புல்வெளிக்குள் வரவிடாமல் தடுப்பது உறைபனி என்றும், இரவு வெப்பம் கூடினாலோ அயல் மரம் நுழைந்தாலோ அந்தச் சமநிலை குலையும் என்றும் அதில் இருக்கிறது. அதைவிட என்னை அசத்தியது இங்கே நீலகிரியில் இருக்கிற சாண்டிநல்லா சதுப்பு மண்ணை ஆராய்ந்த கட்டுரை. ஆர். சுகுமாரும் மற்றவர்களும் 1993-இல் நேச்சர் இதழில் எழுதியது. ஏறக்குறைய 20,000 வருஷமாக இந்த மலையில் காலநிலை வறண்டபோது புல் ஓங்கியிருக்கிறது, ஈரம் கூடியபோது மரம் ஓங்கியிருக்கிறது. பல்லாயிரம் வருஷமாக இரண்டும் இடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. புல்வெளியைச் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்துத்தானே கண்ட கண்ட மரத்தை அதில் நட்டார்கள்! கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரில் 40 வருஷத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, பனி குறைந்தால் சோலை மேலேறிவிடும், நல்லதுதானே என்று நானும் தம்பியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், எங்கள் சரிவில் முளைத்திருந்த ஒரு சீகை நாற்றைப் பிடுங்கிக் காட்டினார். சோலை மரம் பொறுமையானது. பறவை விதை கொண்டுவர வேண்டும், நிழல் வேண்டும், வருஷக்கணக்கில் வளர வேண்டும். சீகைக்கு அந்தக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். பனி விலகி இடம் காலியானால் முதலில் ஓடிவந்து உட்காருவது அதுதான். முதல் பனிக்காலத்தில் எங்கள் சரிவு 19 காலை வெள்ளையாக இருந்தது. அடுத்த வருஷம் 11 தான். இரண்டு வருஷக் கணக்கை வைத்து எதுவும் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் அந்த இரண்டாம் வருஷம் நான் பிடுங்கிய சீகை நாற்று 340. புல் தூர் நெருங்கிய பகுதியில் மிகவும் குறைவு, வெறும் மண் தெரிந்த இடத்தில்தான் அதிகம். எண்ணி எண்ணித்தான் பிடுங்கினேன்.

குறைகளும் உண்டு. பையில் கட்டிய பெயர்ச் சீட்டு ஒரே மழையில் அழிந்துவிட்டது. எது செண்பக வகை, எது நாவல் என்று இலையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நாலு பைகளில் வேர் சுருண்டு வட்டமாகச் சுற்றியிருந்தது, செத்த இரண்டும் அதில்தான் இருந்தன. மூன்று பைகளின் மண்ணில் சீகை முளைத்து வந்தது. இதை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை. சீகையை ஒழிக்க வாங்குகிற பையிலேயே சீகையா? போன் செய்து சொன்னேன். மறுவாரமே வந்து பார்த்து, மண் எடுக்கும் இடத்தை மாற்றிவிட்டதாகச் சொன்னார், 210 ரூபாயும் திருப்பிக் கொடுத்தார். போனை எடுக்க வைப்பதுதான் கஷ்டம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் எடுப்பார்.

ஊற்று திரும்பிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. இந்த மார்ச்சிலும் ஈரம்தான். ஆனால் போன அக்டோபரில் ராத்திரி முழுக்கக் கொட்டியபோது காலையில் குடையோடு போய் நின்று பார்த்தேன். புல் பிடித்த பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. புல் இன்னும் வைக்காத பக்கத்திலிருந்து செம்மண் குழம்பாக ஓடியது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்ததையும், அதன் பிறகு சரிவுகள் பிளந்து கிடந்ததையும் பார்த்த எனக்கு அந்தத் தெளிந்த தண்ணீர் பெரிய விஷயம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரையைக் குறைத்தது அந்தப் பை மண்ணுக்காக. போகிறவர்கள் ஜூன் மழைக்கு முன் போங்கள். அதற்கு முந்தைய பனிக்காலத்திலேயே உங்கள் நிலத்தை விடியற்காலையில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான். அழகுக்கு மரம் வேண்டுமென்றால் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) கேளுங்கள். புல்வெளி நடுவில் பனியைத் தாங்கி நிற்கிற வெகு சில மரங்களில் அது ஒன்று. சிவப்புப் பூ பூக்கும். என்னிடம் இப்போது இரண்டு இருக்கின்றன, முழங்கால் உயரம். இந்த வருஷம் இன்னும் 300 தூர் புல் கேட்டிருக்கிறேன். போன மழையில் வைத்தது முதலில் பரவட்டும், 200 போதும் என்று சொல்லிவிட்டார்.