நீண்ட பேட்டியை வெட்டுவதா, ஷார்ட்ஸுக்கென்றே பேட்டி எடுப்பதா?

பேட்டிகளை ஷார்ட்ஸ், ரீல்ஸாகப் போட இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்துப் பேசி, முழுப் பேட்டியை யூடியூபில் ஏற்றிவிட்டு, அதிலிருந்து துண்டுகள் வெட்டிப் போடுவது ஒன்று. நாலைந்து கேள்விகளோடு போய் ஷார்ட்ஸுக்கென்றே அரை மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு வருவது இன்னொன்று. கும்பகோணம் சுற்றுவட்டாரக் கைவினைக் கலைஞர்களைப் பற்றி நான் செய்யும் வீடியோக்களில் முதல் வழியில் தொடங்கி இரண்டாவதுக்கு மாறிவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. நல்ல போன், காலர் மைக், ஸ்டாண்ட் இருந்தால் இரண்டுக்கும் போதும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

ஃப்ரேம் விஷயத்தில் வித்தியாசம் உண்டு. முழுப் பேட்டியைப் போனைப் படுக்கவைத்துத்தான் எடுப்போம். 1920×1080 அளவில் எடுத்ததை ஷார்ட்ஸுக்கு வேண்டிய நெட்டுக்குத்தான 9:16 வடிவத்துக்கு வெட்டினால் அகலத்தில் சுமார் 607 பிக்சல்தான் மிஞ்சும். அதைப் பெரிதாக்கினால் முகம் மழுங்குகிறது. 4கே-யில் (3840×2160) எடுத்தால் 1215 பிக்சல் கிடைக்கும், தெளிவுக்குக் குறையில்லை. ஆனாலும் பேசுகிறவரின் கைகள் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். கையால் தொழில் செய்கிறவரின் பேட்டியில் கை தெரியாவிட்டால் பாதி விஷயம் போச்சு.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். என்னை மாறவைத்தது வேறு: வெட்டியெடுத்த பதில் தனியாக நிற்குமா என்பது.

சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் மெழுகு வார்ப்பைப் பற்றிக் கேட்டால் பதில் இப்படித்தான் வரும்: "அது வந்து, மொதல்ல மெழுகுல உருவத்தைச் செஞ்சுருவோம், அதுமேல காவேரி வண்டல் மண்ணைப் பூசி, காயவெச்சு, சூடு காட்டுனா உள்ள இருக்கறது உருகி ஓடிரும், அந்த எடத்துல உலோகத்தை ஊத்துவோம், ஆறுனதும் மண்ணை ஒடைச்சாத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்." அருமையான பதில். ஆனால் "அது" எது என்பது என் கேள்வியில் இருக்கிறது, பதிலில் இல்லை. பார்ப்பவரை நிறுத்திவைக்கக்கூடிய "ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்" கடைசியில் வருகிறது. நம் பேச்சின் போக்கே அப்படி. செய்து, வைத்து, ஊற்றி என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போய், முடிவைக் கடைசி வினையில் வைப்போம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்க அதுதான் சுகம். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் அதுவரை காத்திருக்கமாட்டார்.

அந்தக் கடைசி வரியை முன்னால் கொண்டுவரலாமே என்று தோன்றும். டைம்லைனில் வெட்டிப் பார்த்தால் தெரியும், "அதனால"வும் "ஒரு அச்சுக்கு"ம் ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் குரல் பாதியில் பிறந்த மாதிரி கேட்கும். நீண்ட பேட்டியிலிருந்து ஒரு நிமிடத் துண்டு எடுக்க இப்படி ஒவ்வொரு மூட்டாகத் தேடவேண்டும். அப்படியும் ஒட்டாத இடத்தில் எழுத்தில் விளக்கம் போடவேண்டியிருக்கும். என் எடிட்டிங் நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது.

ஷார்ட்ஸுக்கென்றே எடுக்கும்போது இந்தச் சிக்கலை அங்கேயே, ஆள் எதிரில் இருக்கும்போதே தீர்த்துவிடலாம். முதலில் அவர் போக்கில் முழுக்கச் சொல்லவிடுவேன். குறுக்கே பேசமாட்டேன், "ம்" கூடக் கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுவேன். சொல்லி முடித்ததும், "ஐயா, கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, ஒரு அச்சுக்கு ஒரு சிலைன்னு, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. சிலைங்கற வார்த்தையோட ஆரம்பிங்க" என்பேன். பெரும்பாலும் இரண்டாவது தடவை இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். அந்த ஒரு வரிதான் வீடியோவின் முதல் நொடிகள். பின்னால் முழு விளக்கத்தை ஓடவிட்டால் போதும், வெட்டு மிகக் குறைவு. ஆனால் எப்படி வரிசை மாற்றினாலும் அவர் சொல்லவந்த பொருள் மாறக்கூடாது. போடுவதற்கு முன் அவரிடமோ வீட்டாரிடமோ காட்டிவிடுவது என் வழக்கம்.

பேசி முடித்த கையோடு, அவர் சொன்னதையே செய்துகாட்டச் சொல்லி எடுக்கவேண்டும். சிலையின் அளவுக்குத் தென்னை ஓலையை நறுக்கி மடித்து அளவெடுப்பது, மெழுகைச் சூடு காட்டி வளைப்பது, மண் பூசுவது. எதைப் பற்றிப் பேசினார் என்பது அப்போதுதான் பசுமையாக நினைவிருக்கும், எந்த ஷாட் எந்த வரிக்கு என்பதும் தெரியும். குரல் ஓடிக்கொண்டிருக்க மேலே கை வேலையைப் போட்டால் கீழே இருக்கும் வெட்டு தெரியவே தெரியாது. யாரும் பேசாமல் பட்டறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவுசெய்துகொள்வதும் நல்லது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வெட்டிய இடத்தில் அந்தச் சத்தத்தை நிரப்பினால் திடீர் மௌனம் விழாது.

2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் 3 நிமிடம்வரை போகலாம் என்றாகிவிட்டது. நீண்ட பேட்டியிலிருந்து எடுப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல், ஒரு பதிலை முழுசாகவே வைக்கலாம். எனக்கு இன்னும் ஒரு நிமிடத்துக்குள் முடிவதுதான் பிடித்திருக்கிறது.

நீண்ட பேட்டிக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை இரண்டாவது வழி ஈடுகட்டாது. மனிதர்கள் இளக நேரம் வேண்டும். அப்பா கற்றுக்கொடுத்த விதம், மகன் தொழிலுக்கு வராத வருத்தம் எல்லாம் காமிரா இருப்பதே மறந்த பிறகுதான் வாயில் வரும். அரை மணி நேரத்தில், கேள்வித்தாளோடு போனவருக்கு அது கிடைக்காது.

சினிமாக்காரர்கள், அரசியல்வாதிகளின் ஸ்டுடியோ பேட்டிகளுக்கு என் கணக்கு பொருந்துமா என்று தெரியவில்லை, நான் அவற்றைச் செய்ததில்லை. பல காமிராக்களும் தனி எடிட்டர்களும் இருக்கிற இடத்தில் மூட்டுத் தேடும் வேலை இவ்வளவு பாரமாக இருக்காது. பேசிப் பழகியவர்கள் தானாகவே தனித்து நிற்கும் வரிகளாகவும் சொல்லக்கூடும்.

வயதான ஸ்தபதிகளிடம் மட்டும் இரண்டையும் செய்கிறேன். ஷார்ட்ஸ் கேள்விகள் முதலில், ஏனென்றால் ஒரு மணி நேரம் பேசிக் களைத்தவரிடம் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியாது. அப்புறம் போனைப் படுக்கவைத்து, 4கே-யில் ஓடவிட்டு, அவர் பேசுகிற வரைக்கும் பேசவிடுகிறேன். அதை வெட்டுவதில்லை, இரண்டு ஹார்ட் டிஸ்கில் அப்படியே சேமித்து வைக்கிறேன்.