சுக்கானைக் காற்றிடம் கொடுத்த ஒரு பருவம்: மானிட்டர் விண்ட்வேன்

மும்பையின் பிராங்ஸ் கலங்கரை விளக்கைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். காற்றைக் கொண்டு தானே சுக்கான் பிடிக்கும் மானிட்டர் விண்ட்வேன் கருவியிடம் படகை ஒப்படைத்துவிட்டு, மைத்துனர் சுக்கான் பிடியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார். பிடி தானாக ஒரு விரற்கடை வலப்பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. "அத்தான், யாரோ உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது" என்றார். எங்கள் தாத்தா தூத்துக்குடித் தோணியில் சுக்கான் பிடித்தவர். இரவெல்லாம் நின்று பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் தோளைத் தூக்க முடியாது என்று ஆச்சி சொல்வார். அன்று எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

என் படகு 30 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவையில் கட்டிக் கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையேற்றிவிடுவோம். ஓட்டமெல்லாம் அக்டோபரிலிருந்து மே வரைதான். பெரும்பாலும் நாங்கள் இரண்டே பேர். மும்பையிலிருந்து கோவாவுக்குக் கடல் வழியாக 200 கடல் மைலுக்கு மேல். இரண்டு பேர் மாறி மாறிச் சுக்கான் பிடித்தால் இரண்டாம் இரவில் சமைக்கவோ வரைபடம் பார்க்கவோ தெம்பு இருக்காது. மின்சாரத் தானியங்கி ஒன்று முன்பு வைத்திருந்தேன். அது பேட்டரியைத் தின்றது. பின்னாலிருந்து அலை தூக்கும்போது திணறியது. அதனால்தான் கொச்சிக்கு வந்திருந்த ஒரு படகுக்காரரிடமிருந்து மானிட்டர் விண்ட்வேனைப் பழைய பொருளாக வாங்கினேன்.

பார்க்க எளிமையான கருவி. மேலே மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடு, கீழே தண்ணீருக்குள் ஒரு துடுப்பு, நடுவில் பற்சக்கரங்கள். தகட்டின் விளிம்பைக் காற்றுக்கு நேராக வைத்துவிட்டால் அது நிமிர்ந்து நிற்கும். படகு வழி விலகினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் அடித்துச் சாய்க்கும். அந்தச் சாய்வு துடுப்பைச் சற்றே திருப்பும். திருப்பிய துடுப்பை, ஓடும் படகின் அடியில் விரையும் தண்ணீர், ஊசலைப் போல ஒரு பக்கம் தள்ளும். துடுப்பில் கட்டிய கயிறுகள் சுக்கான் பிடியை இழுக்கும். துடுப்பு ஊசலாடும்போதே பற்சக்கரங்கள் அதன் திருப்பத்தைக் குறைத்துவிடுவதால் படகு மறுபக்கம் அளவுக்கு மீறித் திரும்பாது. காற்று சைகை காட்டுகிறது, வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் அந்தக் கயிற்றைக் கையால் நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை. வேகம் கூடக் கூட அதன் பலமும் கூடுகிறது. இதற்கு ஒரு சொட்டு மின்சாரம் வேண்டாம். எலக்ட்ரானிக் தானியங்கிகளுக்குத் தடையுள்ள கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தின் 2022ஆம் ஆண்டுப் போட்டியில் நம் அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தாரே, அதில் உலகைச் சுற்றியவர்கள் எல்லோரும் இத்தகைய காற்றுக் கருவிகளை நம்பித்தான் போனார்கள்.

பொருத்துவதுதான் பாடாக இருந்தது. படகின் பின்னணியத்தின் (பின்முனையின்) வளைவுக்கு ஏற்ப நான்கு குழாய்களை அளந்து வெட்ட வேண்டும். கடல்நீரைத் தாங்க மாலிப்டினம் கலந்த 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். பட்டறைக்காரர் மாலிப்டினம் இல்லாத 304 ரகத்தில் செய்து தந்துவிட்டார். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏப்ரலில் மாட்டினேன், செப்டம்பரில் படகை இறக்கப் போனால் பற்றவைத்த இடமெல்லாம் பழுப்புத் துரு. உயிரைத் தாங்கும் குழாயில் இப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான்கையும் கழற்றி வேறிடத்தில் 316இல் செய்து, உள்பக்கம் தடித்த பலகையும் வாஷரும் கொடுத்து மறுபடி இறுக்கினேன். செய்யப் போகிறவர்கள் எஃகின் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கயிறு. முதலில் கையிலிருந்த நைலான் கயிற்றைப் போட்டேன். அது நீள்கிறது. துடுப்பு இழுக்கும் முதல் சில சென்டிமீட்டர் கயிற்றுக்குள்ளேயே போய்விட, படகு பாம்பு போல நெளிந்தது. நீளாத பின்னல் கயிற்றுக்கு மாற்றி, நான்கு கப்பிகளை இரண்டாகக் குறைத்ததும் நெளிவு பாதியாகிவிட்டது. பின்னால் சுருட்டி வைத்திருந்த சிறு படகையும் எடுத்தேன். அது தகட்டுக்கு வர வேண்டிய காற்றை மறைத்துக்கொண்டிருந்தது.

இத்தனை செய்தும் முதல் மூன்று ஓட்டங்களில் படகு காற்றை நோக்கி மூக்கைத் திருப்பியபடியே இருந்தது. கருவியைத்தான் சந்தேகித்தேன். அன்று காற்று பதினெட்டு நாட். பெரிய பாயை நான் முழுதாக விரித்திருந்தேன். அதை ஒரு சுற்றுச் சுருக்கி, பாயின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியதும் சுக்கான் பிடி ஒரு விரலுக்கு அடங்கியது. கருவியின் கயிறுகளைச் சுக்கான் பிடியோடு இணைக்கும் சங்கிலியை மறுபடி மாட்டினேன். படகு கோடு போட்டதுபோல் போனது. கையால் பிடிக்கவே கனக்கும் சுக்கானை எந்தக் கருவியிடமும் கொடுக்கக் கூடாது. இந்த மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடி சுஹைலியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் 312 நாட்களில் உலகைத் தனியாகச் சுற்றினார். ஆஸ்திரேலியா அருகே அவருடைய காற்றுக் கருவி உடைந்துபோனது. மீதி வழியெல்லாம் பாய்களின் சமநிலையைக் கொண்டே படகை ஓட விட்டார். இப்போதெல்லாம் நான் பாயைச் சரிசெய்துவிட்டுத்தான் கருவியைத் தொடுகிறேன்.

இந்தக் கருவி திசையைப் பிடிப்பதில்லை, காற்றுக்கும் படகுக்கும் உள்ள கோணத்தைப் பிடிக்கிறது. நம் கரையில் இதை மறந்தால் ஆபத்து. பிற்பகல் காற்று, தாத்தா மொழியில் சொன்னால், கச்சானாக (மேற்கிலிருந்து) தொடங்கி மெல்ல வாடைப் பக்கம் (வடக்கே) சாயும். கோவா போகும்போது படகை 165 பாகைத் திசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து நிமிர்ந்தால் திசைகாட்டி 210 காட்டியது, கரை மங்கலாகிவிட்டது. நேரம்தான் நஷ்டம். ஆனால் திரும்பி வரும்போது, காற்றை இடப்பக்கம் வாங்கிக்கொண்டு வடக்கே ஏறினால், அதே மாற்றம் அணியத்தை (படகின் முன்முனையை) கரையை நோக்கித் திருப்பும். அந்த ஓட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பார்த்து, தகட்டைத் திருப்புவதற்கென வளையமாக ஓடும் கயிற்றை இழுத்து அதைத் திருத்துகிறேன்.

காற்று மெலிந்து பின்னாலிருந்து வந்தால் இதற்குச் சைகை போதாது. கையால்தான் ஓட்ட வேண்டும். துறைமுகத்துக்குள் நான் இதை மாட்டுவதே இல்லை. எலிஃபண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் போகும் பயணிகள் படகுகள், கோலி மீனவர்கள் வலைக்காக நட்ட கம்பங்கள், நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் ஓதம், இவற்றுக்கு நடுவே கண்ணும் கையும்தான் வேண்டும். துடுப்பைக் கொக்கி கழற்றி மேலே தூக்கிவிடலாம் என்பது பெரிய வசதி. எதிலாவது மோதினால் கருவியைக் காப்பாற்றத் தானே ஒடியும் ஒரு குழாயும் இருக்கிறது. அதில் இரண்டு உபரியாக வைத்திருக்கிறேன். பராமரிப்பு என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

நீண்ட ஓட்டம் போகிற, ஆள் குறைந்த படகுக்குத் தயங்காமல் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாண்ட்வா போய் வருகிறவர்களுக்கு வேண்டாம். வாங்கினால் முதல் நாளே இடுப்புவாரும், மேல்தளத்தின் இரு பக்கமும் ஓடும் பிடிகயிறும் போட்டுவிடுங்கள். கடலில் விழுந்தவருக்காக இந்தப் படகு நிற்காது. அதே கோணத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். என் படகில் இருட்டிய பிறகு வாரைக் கொளுவாமல் யாரும் மேலே வருவதில்லை, மைத்துனர் உட்பட.