‘யாரோ ரத்து செய்த இடம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்: குஸ்கோவில் எங்கள் 1,300 டாலர் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால், “போனது போகட்டும், விடு” என்கிற என் கணவரின் பேச்சுக்கு நானும் தலையாட்டிவிடுவேன். பெரு நாட்டின் குஸ்கோ நகரில் ஒரு டிரெக்கிங் ஏஜென்சி எங்களிடம் 1,300 டாலரை வாங்கிக்கொண்டு, நேற்று முன்தினம் எங்களை மலைப்பாதையின் வாசலில் நிறுத்திவிட்டது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரிய சதுக்கத்தை ஒட்டிய சந்துகளில் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கடைசியில் விரிவாக அறிவுரைகளும் தருகிறேன்.

நாங்கள் மலைக்குப் புதியவர்கள் அல்ல. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் வடக்கே வாராஸ் பக்கம் சாந்தா குரூஸ் பாதையை நடந்து முடித்தோம். கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் எங்கள் முதுகில்தான். 4,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் புந்தா ஊனியோன் கணவாயில் பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினோம். அங்கே யாரும் எங்களை ஏமாற்றவில்லை. வழியில் நான் தவறவிட்ட கையுறையைக் கழுதை ஓட்டுபவர் ஒருவர் அடுத்த முகாம் வரை கொண்டுவந்து கொடுத்தார். அந்த நினைப்போடுதான் குஸ்கோவில் இறங்கினோம்.

மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதைக்கு அனுமதி கிடைக்காது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஒரு நாளைக்கு 500 பேர்தான். அதிலும் வழிகாட்டிகள், சுமைதூக்குபவர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் சேர்த்தி. ஜூன் மாதத்து இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் அந்த அனுமதி தேவைப்படாத சல்காந்தாய் பாதையில் போவதென்று முடிவு செய்திருந்தோம். அதற்கு இன்னும் கனமான தூக்கப் பை (ஸ்லீப்பிங் பேக்) வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தோம். தூக்கப் பைக்கு!

உள்ளே இருந்தவர் உட்காரவைத்துக் கோகா இலைத் தேநீர் கொடுத்தார். ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய ஒரு தம்பதி உடல்நலம் சரியில்லாமல் ரத்து செய்துவிட்டார்கள், இன்கா பாதையில் அவர்களுடைய இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார். நான்கு நாள் நடை, ஆளுக்கு 650 டாலர். என் கணவர் யோசித்தார். நான்கூட யோசித்தேன். அப்போதுதான் அந்த மனிதர், “இந்தியாவா? என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல ரசீதின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: மாடு இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்தும் காட்டினார். ஐந்து வாரமாக உருளைக்கிழங்கையும் சோற்றையும் மட்டுமே தின்றுகொண்டிருந்தவளிடம், நான் என்ன சாப்பிடுவேன் என்று அதுவரை யாரும் அக்கறையாகக் கேட்டதில்லை. நான் விழுந்தது அங்கேதான். “முட்டை இல்லை என்று எழுதியதற்கு 1,300 டாலர்” என்று என் கணவர் இனி ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்.

கார்டு இயந்திரம் பழுது என்றார். ரொக்கம்தான் வேண்டுமாம். இங்குள்ள ஏடிஎம்கள் ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். இரண்டு நாள், நான்கைந்து ஏடிஎம்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நம் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். நாங்களே அலைந்து திரட்டி, நாங்களே எண்ணி, நாங்களே அவர் கையில் கொடுத்தோம்.

விடியற்காலை வேன் வந்தது. அதுதான் கொடுமை, வராமலிருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒல்லாந்தாய்தம்போவைத் தாண்டி, ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டரில் இறக்கினார்கள். அங்கே சோதனைச் சாவடி. சுமைதூக்குபவர்களின் மூட்டைகளைக்கூடத் தராசில் வைத்து எடை பார்க்கிறார்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிய அலுவலர் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் பெயர் அதில் இல்லை. வேனில் கூட வந்தவர்கள் உருபம்பா ஆற்றுப் பாலத்தைக் கடந்து போய்விட்டார்கள். வழிகாட்டி இளைஞன் யார் யாருக்கோ போன் செய்தான்; பிறகு முகத்தைப் பார்க்காமல் தன்னிடமிருந்த இரண்டு வாழைப்பழங்களை எங்களிடம் கொடுத்துவிட்டு அவனும் பாலத்தைக் கடந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

குஸ்கோ திரும்பிக் கடைக்குப் போனால், தேநீர் கொடுத்தவர் இல்லை. ஒரு பெண் இருந்தார். மேலாளர் லிமாவில் இருக்கிறார் என்றார். பிறகு, அனுமதி தரும் அமைச்சகத்தின் கணினியில் கோளாறு என்றார். பிறகு, அதே 1,300 டாலருக்குச் சல்காந்தாய் அழைத்துப் போகிறோம் என்றார். நாங்கள் எங்கள் செலவில் நடக்கவிருந்த அதே சல்காந்தாய்! பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டால் ‘மன்யானா’, அதாவது நாளை. மறுநாள் போனாலும் மன்யானா.

பெருவில் ஒவ்வொரு கடையும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான அறிவிப்பு அவர்கள் சுவரிலேயே தொங்குகிறது. புத்தகத்தைக் கேட்டேன், தீர்ந்துவிட்டது, புதிது வரும் என்றார். கடைசியில் ஸ்பானிஷில் அடித்த ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் 100 டாலர் தருவதாகச் சொன்னார். போட மறுத்துவிட்டோம். இன்று காலை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. என் செய்திகளை எல்லாம் படித்துவிட்டார்கள். பதில் மட்டும் இல்லை.

இப்போது வயிற்றெரிச்சலோடு தேடிப் படித்ததில் தெரிகிறது: அந்த அனுமதி பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் கட்டுப்பட்டது, ஒருவர் இடத்தை இன்னொருவருக்கு மாற்றவே முடியாது. ஜெர்மன் தம்பதி ரத்து செய்தார்களோ, பிறந்தார்களோ இல்லையோ, அவர்களின் இடம் எங்களுக்கு வந்திருக்க வழியே இல்லை. ஐந்து நிமிடம் தேடியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

விரிவாக அறிவுரை தருவதாகச் சொன்னேன். புனோவுக்குப் பஸ் இன்னும் அரை மணி நேரத்தில் கிளம்புகிறது, மூட்டை கட்டவில்லை. ஆகவே சுருக்கமாக: மீதி இடம் எத்தனை என்பதையும், எந்த ஏஜென்சிகளுக்கு உரிமம் உண்டு என்பதையும் அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 11 இலக்க வரி எண் அச்சடித்த ரசீதைக் கேளுங்கள். எங்களுடையது வெறும் துண்டுச் சீட்டு. பிப்ரவரியில் இன்கா பாதையே மூடியிருக்கும், அந்த மாதத்துக்கு யாராவது விற்றால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாடு இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. தொகை 1,300.