ஹைட்ரஜன் பைக் வரும்வரை காத்திருக்கலாமா? கோபாலபுரம் பக்கத்திலிருந்து ஒரு மின்சார ஸ்கூட்டர் அனுபவம்

மின்சார ஸ்கூட்டர் வாங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிறது. வீடு கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே, கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில். வேலை பொள்ளாச்சியில், தென்னைநார்க் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுவது. போக வர நாற்பது கிலோமீட்டர் ஓடும். வண்டியைப் பற்றி விசாரிப்பவர்கள் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: "ஹைட்ரஜன் பைக் வரப்போகுதாமேங்க, அதுவரைக்கும் பொறுக்கலாமா?" அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் காற்று. நம் பக்கத்தில் மின்வண்டி வாங்குபவர் வேறு எதையும்விட இதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசுகிற காற்றை நம்பித்தான் உடுமலை வரைக்கும் காற்றாலைகள் நிற்கின்றன. காலையில் கிழக்கே போகும்போது அது முதுகில் தள்ளும். பேட்டரி இருபது சதவீதம்கூடக் குறையாது. சாயங்காலம் அதே சாலையில் எதிர்காற்று, முப்பதைத் தாண்டிவிடும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், ஐம்பதில் போவதை நாற்பதாகக் குறைத்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. என்னுடையது மூன்று யூனிட் பேட்டரி. தை, மாசியில் எண்பது கிலோமீட்டர் ஓடியது, ஆடி எதிர்காற்றில் அறுபத்தைந்துக்கு மேல் வராது. இப்போது பேட்டரியும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கு போயிருக்கும்.

சார்ஜ் வீட்டில்தான். மழைக்காலத்தில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போவது இங்கே சகஜம், அதனால் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே பொருத்தியிருக்கும் சார்ஜ் பாயிண்டுகள் அவசரத்துக்கு உதவுகின்றன. சித்திரை வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல், வண்டி ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் விடுகிறேன். பராமரிப்பு என்று பார்த்தால் டயர், பிரேக் கட்டை, முன்சக்கர பேரிங், அவ்வளவுதான். ஒருமுறை மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் போனபோது மட்டும் சர்வீஸ் சென்டரில் பாகம் இல்லாமல் வாரக்கணக்கில் வண்டி அங்கேயே நின்றது. அது உண்மையான தொல்லை.

ஆனால் அந்த அமைதி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவையும் இதைத்தான் வாங்குவேன். விடிகாலையில் தோப்பு வழியாகப் போனால் மயில் அகவுவது கேட்கிறது, கள்ளிறக்குபவர் மேலே பாளை தட்டுவது கேட்கிறது. பின்னால் உட்காரும் அம்மா மெதுவாகப் பேசினாலும் எனக்குப் புரிகிறது. அதிர்வு இல்லாததால் அவருக்கு முதுகு வலியும் வருவதில்லை. பொள்ளாச்சி சந்தை நெரிசலில் நிற்கும்போது நம் வண்டியிலிருந்து புகை வரவில்லை என்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: "வண்டி வர்றதே தெரியலீங்க" என்று வழியில் பெரியவர்கள் பதறுவார்கள். ஆடுமாடும் விலகாது. திருப்பத்தில் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். 2005-ல் லண்டனில் காட்டப்பட்ட ஈஎன்வி என்ற ஹைட்ரஜன் பைக்குக்கும் இதே பிரச்சினை வந்து, செயற்கையாக எஞ்சின் சத்தம் சேர்க்கலாமா என்று அதைச் செய்தவர்களே யோசித்தார்கள்.

சரி, ஹைட்ரஜனுக்கு வருவோம். அதுவும் மின்சார பைக்தான். தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜனும் வெளிக்காற்றின் ஆக்ஸிஜனும் எரிபொருள் கலத்தில் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது; வெளியே வருவது தண்ணீர். சில நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்பது பெரிய வசதி. சுசுகியின் பர்க்மன் ஹைட்ரஜன் ஸ்கூட்டர் 2011-லேயே ஐரோப்பாவில் வாகன அனுமதி பெற்றது. 2017-ல் லண்டன் போலீஸ் சிலவற்றை ஓட்டிப் பார்த்தது. இத்தனை வருடமாகியும் கடைக்கு வராததற்குக் காரணம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருப்பது சுமார் 33 யூனிட் ஆற்றல். எரிபொருள் கலம் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் தரும். தண்ணீரைப் பிரித்து அந்த ஒரு கிலோவை எடுக்கவோ ஐம்பது யூனிட்டுக்கு மேல் செலவாகும். ஒரு முழு சார்ஜில் என் வண்டி ஓடும் தூரத்துக்கு நான் மூன்றரை யூனிட் போடுகிறேன். அதே தூரத்துக்கு ஹைட்ரஜன் வழியில் பத்து யூனிட் அளவுக்கு வந்துவிடும். அப்புறம் அழுத்தம். பஞ்சர் கடையில் லாரி டயருக்கு ஏற்றுவது எட்டு பார் அளவு. ஹைட்ரஜன் தொட்டிக்கு 350, சிலவற்றில் 700 பார். அதற்கான பம்பை எந்த ஊரில், யார், இருசக்கர வண்டிகளுக்காக மட்டும் வைப்பார்கள்?

ஹைட்ரஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாளையாறு எல்லை வழியாக இரவு பகலாகப் போகும் லாரிகளுக்கு டன் கணக்கில் பேட்டரி ஏற்றுவது கஷ்டம்; அங்கேதான் அது முதலில் வர வேண்டும். 2024-ல் கொச்சி விமான நிலையமும் பாரத் பெட்ரோலியமும் அங்கே பசுமை ஹைட்ரஜன் (சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தில் எடுப்பது) ஆலை அமைக்க ஒப்பந்தம் போட்டன. பெரிய வண்டிகளுக்குப் பம்புகள் வந்தபிறகு பைக்கைப் பற்றிப் பேசலாம்.

தினமும் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓட்டம், வீட்டில் சார்ஜ் போட இடம் இரண்டும் இருந்தால் இப்போதே வாங்குங்கள். நாள் முழுக்கக் கோவை, பாலக்காடு என்று சுற்றுகிற வேலை என்றால் பேட்டரி கழற்றி மாற்றும் வண்டியாகப் பாருங்கள். எதுவானாலும் சர்வீஸ் சென்டர் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா, கண்ட்ரோலர் கையிருப்பு உண்டா என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.