மேல் வீட்டு பாத்ரூம் காண்ட்ராக்டர்: கீழ் வீட்டிலிருந்து ஒரு ரிவ்யூ

இந்த காண்ட்ராக்டருக்கு எங்கள் மேல் வீட்டு சார் ஒரு ஸ்டார் போட்டு, வேலை தெரியாதவர், இழுத்தடிப்பார், கூடக் கூடப் பணம் கேட்பார், யாரும் கூப்பிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். அவர் வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே இருப்பது எங்கள் பாத்ரூம். அந்த வேலை சரியா தப்பா என்று தினமும் தலைக்கு மேலே பார்ப்பவள் நான்தான், அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். என் மதிப்பெண் நாலரை. அரையை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

சென்னை நங்கநல்லூரில் தொண்ணூறுகளில் கட்டிய ஃபிளாட். அந்தக் காலத்து ஃபிளாட்களில் பாத்ரூம் தளத்தை ஒரு அடிக்கு மேல் பள்ளமாகப் போட்டு, அதற்குள் பைப்பை ஓட்டி, செங்கல் துண்டும் மண்ணும் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் போட்டிருப்பார்கள். எங்காவது ஒரு ஜாயின்ட் விட்டால் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தேங்கி நின்று, பல மாதம் கழித்துத்தான் கீழ் வீட்டுச் சீலிங்கில் தெரியும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. முதலில் மஞ்சள் கறை, அப்புறம் பூச்சு உப்பி உதிர்ந்தது, கடைசியில் துருப்பிடித்த கம்பியே வெளியே தெரிந்தது. அசோசியேஷனில் பல தடவை பேசிய பிறகு மேல் வீட்டு சார், "சரி, செய்வதுதான் செய்கிறோம், பாத்ரூமையே புதுசா பண்ணிடலாம்" என்று ஒப்புக்கொண்டார். அதற்கு அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

கொட்டேஷன் கொடுக்க வந்தவர்களில் சிலர் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம், ஜாயின்ட்டில் எபாக்ஸி பசை அடித்தால் போதும், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். இவர் ஒருவர்தான் மேலே பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கும் இறங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தட்டிப் பார்த்தார். "மேடம், இது டைல்ஸ் ஜாயின்ட் இல்ல. உள்ள ஃபில்லிங் முழுக்க தண்ணி நிக்குது. தோண்டி எடுக்காம எது பண்ணாலும் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு, அதற்கான ரேட்டைக் கொடுத்தார். மற்றவர்களைவிடக் கூடுதல்தான். தளத்தை உடைத்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்த செங்கல் துண்டுகள் கறுத்துப்போய், கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வழிந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பின் ஜாயின்ட் விரிந்திருந்தது, பழைய ஜிஐ இரும்பு பைப் தொட்டாலே உதிர்ந்தது. மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் இது அத்தனையும் உள்ளேயே இருந்திருக்கும்.

இனி வாட்டர்ப்ரூஃபிங். சண்டை தொடங்கியதும் இங்கேதான். பள்ளத்தை அடியில் இருக்கும் கான்கிரீட் ஸ்லாப் வரை சுத்தம் செய்து, ட்ராப்பை மாற்றி, சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கலவை வைத்து வளைத்துப் பூசி, அங்கே ஃபைபர் வலை ஒட்டி, இரண்டு பாகமாகக் கலக்கும் கெமிக்கலை முதல் கோட் ஒரு திசையிலும் அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்குத் திசையிலும் அடித்தார்கள். ஷவர் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கும் அடித்தார்கள். அது காய்ந்த பிறகு, எங்காவது கசிகிறதா என்று பார்க்க ட்ராப் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டினார். 48 மணி நேரம் நிற்க வேண்டும், அதற்குள் எதுவும் செய்ய மாட்டேன் என்றார்.

மேல் வீட்டு சாருக்கு இது பிடிக்கவில்லை. ஆட்கள் வேலை செய்யாமல் பாத்ரூமில் தண்ணீர் மட்டும் நின்றால் வீட்டுக்காரருக்கு எரிச்சல் வருவது இயல்புதான். "ரெண்டு நாளா தண்ணிய கட்டி வெச்சிட்டு ஆளே வரல" என்று கீழே வாட்ச்மேனிடம் சத்தமாகச் சொன்னதை நானே கேட்டேன். ஆனால் காண்ட்ராக்டர் வந்துகொண்டுதான் இருந்தார். காலையிலும் சாயங்காலமும் மேலே போய்ச் சுவரில் போட்டு வைத்த பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் சீலிங்கில் இருந்த ஈரக் கறையைச் சுற்றி சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். டார்ச் அடித்து, ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். மறுநாள் காலையில் ஒரு பக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது, மேலே தண்ணீர் மட்டமும் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்த் தண்ணீரை வடித்து, ட்ராப் பைப் ஸ்லாப்பைத் தாண்டி இறங்கும் இடத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து, அதைக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட் கலவை வைத்து அடைத்து, மறுபடி கோட் அடித்து, மறுபடி தண்ணீர் கட்டினார். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கோடு அப்படியே இருந்தது.

இந்த ரிவ்யூ எழுத முதல் காரணமே அந்த சாக்பீஸ் கோடுதான். டைல்ஸ் பளபளப்பாக இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடியில் இருக்கும் வேலையை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் திரும்பச் செய்தவருக்கு ஒரு ஸ்டார் என்பது அநியாயம்.

சரி, மேல் வீட்டு சார் சொல்லும் குறைகளுக்கு வருகிறேன்.

கூடக் கூடப் பணம் கேட்டார் என்பது பாதி உண்மை. ஏன் கேட்டார் என்பதை அவர் எழுதவில்லை. சுவரில் காடி எடுத்து, சிபிவிசி பிளாஸ்டிக் பைப் ஓட்டி, கைப்பம்ப் வைத்து பிரஷர் ஏற்றி, மீட்டர் முள் இறங்கவில்லை என்று அவருக்கே காட்டிவிட்டுப் பூசியும் முடித்த பிறகு, வாஷ்பேசினை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னார். அதற்குப் பிறகு தரையில் வைக்கும் கிளாசெட் வேண்டாம், மகள் வீட்டில் இருப்பதுபோல் சுவரில் தொங்குகிற மாடல் வேண்டும் என்றார். அந்தச் சுவர் நாலரை அங்குலச் சுவர், தனியாக அந்தப் பாரத்தைத் தாங்காது. தரையோடு சேர்த்து இறுக்கும் இரும்பு ஃப்ரேம் வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் சுவருக்குள் போகும், அதை மறைக்க ஒரு குட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இதெல்லாம் எவ்வளவு ஆகும் என்று காண்ட்ராக்டர் அங்கேயே சொன்னார், மாடிப்படியில் நின்று சொன்னார், நானும் இருந்தேன். "பண்ணுங்க, கடைசியில பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில். கடைசியில், கொட்டேஷனில் இல்லாத எதற்கும் தர மாட்டேன் என்றுவிட்டார்.

டைல்ஸ் கலர் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் டைல்ஸ் வாங்கியது அவர். இவர் எழுதிக் கொடுத்த அளவில் உடைசல், வெட்டுக் கழிவுக்காகப் பத்து சதவீதம் சேர்த்திருந்தது, அது வீண் செலவு என்று குறைத்து வாங்கிவிட்டார். நடுவில் வந்த அந்தக் குட்டைச் சுவரால் டைல்ஸ் பற்றாமல் போக, மறுபடி கடைக்குப் போனபோது அதே டிசைன் இருந்தது, பேட்ச் நம்பர் வேறு. பெட்டிமேலேயே பேட்ச், ஷேட் எண் அச்சடித்திருக்கும், ஒரு சூளையிலிருந்து இறங்கிய சரக்குக்கும் அடுத்ததற்கும் நிறம் கொஞ்சம் மாறும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இப்படித்தான். டைல்ஸ் மேஸ்திரி இரண்டு டைல்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, வேண்டாம் சார் என்றார். ஒட்டுங்கள் என்று மேல் வீட்டு சார் சொன்ன பிறகு, அந்த டைல்ஸை எல்லாம் கதவுக்குப் பின்னால் வரும்படி ஒட்டினார்கள். கதவைச் சாத்தினால்தான் தெரியும். பாத்ரூமில் கதவைச் சாத்தாமல் இருக்க முடியாதே என்று கேட்கலாம், கேட்பது நியாயம்தான், ஆனால் அதற்கு காண்ட்ராக்டர் பொறுப்பில்லை.

மூன்றாவது, குழாய் எல்லாம் ஒரு மாதத்தில் வெளுத்துவிட்டது, மட்டமான சாமான் போட்டுவிட்டார் என்பது. எங்கள் ஃபிளாட்டில் போர் தண்ணீர். கெட்டிலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு உப்பு. அந்தத் தண்ணீருக்குக் கறுப்பு மேட் ஃபினிஷ் குழாய் வைத்தால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிற்கும். சாதாரண குரோம் குழாய் போடுங்கள் என்று காண்ட்ராக்டர் சொன்னது எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடமும் அதையேதான் சொன்னார். அது போதாதென்று, அந்தக் கறையைப் போக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். ஆசிட் பட்டால் குழாயின் ஃபினிஷும் போகும், டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் சிமென்ட் கிரவுட்டும் அரித்துவிடும். அரித்த கிரவுட்டைக் காட்டி, "பாருங்க, அதுக்குள்ள ஜாயின்ட் போயிடுச்சு" என்று அசோசியேஷன் மீட்டிங்கில் சொன்னபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. காண்ட்ராக்டர் ஒரு குழாயில் மட்டும் வினிகரில் தண்ணீர் கலந்து துணியால் துடைத்துக் காட்டினார். வெள்ளை போனது. ஆசிட் பட்ட இடத்தில் மட்டும் போகவில்லை.

அந்த மீட்டிங்கில் காண்ட்ராக்டர் ஒரு ஃபைல் கொண்டுவந்தார். உடைத்ததிலிருந்து மூடியது வரை தேதி வாரியாகப் படங்கள், டைல்ஸ் பில், பிரஷர் டெஸ்ட் வீடியோ எல்லாம் இருந்தன. பாக்கித் தொகையில் பாதியையாவது கொடுங்கள், அதே பேட்ச் டைல்ஸ் எங்காவது கிடைத்தால் நீங்கள் வாங்கித் தாருங்கள், கூலி இல்லாமல் மாற்றி ஒட்டித் தருகிறேன், கிரவுட்டையும் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றார். இதற்கு மேல் ஒருவர் இறங்கி வர முடியாது. மேல் வீட்டு சார், "கன்ஸ்யூமர் கோர்ட்டில் பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேவைக் குறைபாடு என்று இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல்கூடத் தேவையில்லை. நல்ல சட்டம், ஏமாந்தவர்களுக்கு வேண்டியதுதான். காண்ட்ராக்டருக்கு அந்த வழி இல்லை. பாக்கி வர வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் பண வழக்குப் போட வேண்டும், கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு அவருக்குச் சாதகமாக இருக்கிறது: இலவசமாகச் செய்ய நினைக்காத வேலையை ஒருவர் செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். எழுத்தில் இல்லாத கூடுதல் வேலைக்கும் இதைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் நாலு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவர் எப்படி வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பார்? இது தெரிந்துதான் பலரும் கடைசித் தவணையை நிறுத்திவைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதே இதற்குத்தான். குறை இருந்தால் குறைக்கு ஏற்ற தொகையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் அந்த பாத்ரூமில் குளித்துக்கொண்டே மொத்தத்தையும் பிடித்துவைப்பது சரியே இல்லை.

இப்போது குறைத்த அரை ஸ்டார். கூடுதல் வேலைகளை இவர் எழுதி வாங்கவில்லை. இத்தனை வருஷம் தொழிலில் இருப்பவர் அதைச் செய்திருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் தொகையைப் போட்டு "ஓகே" என்று ஒரு பதில் வாங்கியிருந்தால் இந்தத் தகராறில் பாதி இல்லை. ஷவர் கண்ணாடித் தடுப்பு சொன்ன தேதிக்கு வராமல் ரொம்பவே தள்ளிப்போனது, சப்ளையர் தாமதம் என்றார், அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இடிபாட்டு மூட்டைகள் மாடிப்படி ஓரத்தில் கிடந்ததில் மூன்றாவது மாடிப் பாட்டி ஏறி இறங்கச் சிரமப்பட்டார். தெருவில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும், அதனால் ஒரு லோடு சேரட்டும் என்று வைத்திருந்தாராம். காரணம் சரி, வைத்த இடம் தப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் எடுக்கவே மாட்டார்.

மேல் வீட்டு வேலை முடிந்து, எங்கள் சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகு எங்கள் பாத்ரூமையும் இவரிடமே கொடுத்தேன். துரு பிடித்த கம்பியைத் தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, சீலிங்கைப் பூசினார். தரைக்கு வாட்டம் 8 அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் வைத்தார், ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினால் எங்கும் நிற்காமல் ட்ராப்புக்குப் போகிறது. நடுவில் நான் ஒரு அலமாரி மாடம் கூடுதலாகக் கேட்டபோது, அன்றைக்கே தொகையை மெசேஜில் போட்டு, என் பதில் வந்த பிறகுதான் சுவரில் கை வைத்தார். பழகிக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நான்கு தவணை: அட்வான்ஸ், தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு, டைல்ஸ் முடிந்த பிறகு, கடைசியாகப் பத்து சதவீதம். அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தைக் கொடுத்தபோது, "அக்கா, எண்ணாமலே வாங்கிக்கிறேன்" என்றார், நான்தான் எண்ணச் சொன்னேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டையும் பார்த்தாயிற்று, எங்கள் சீலிங்கில் ஒரு கறை இல்லை. மேல் வீட்டு பாக்கி இன்னும் வரவில்லை. இவருடைய ஆட்கள் இப்போது எங்கள் பிளாக்கிலேயே மூன்றாவது மாடியில் வேலை செய்கிறார்கள். பாத்ரூமை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் எங்கள் வீட்டில் காட்டுகிறேன். இவரிடம் கொடுப்பதாக இருந்தால் டைல்ஸை அவர் சொல்லும் அளவுக்கே வாங்குங்கள், மாற்றம் ஏதாவது இருந்தால் பைப் ஓட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.