கீடி: சாளர அமைப்பு மாறினாலும் கலையாத விசை ஒழுங்கு

கீடி (keyd), லினக்ஸில் விசைகளின் வேலையை மாற்றியமைக்கும் மென்பொருள். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸிலிருந்து அதன் புதிய மாற்றான வேலண்டுக்கு மாறும் லினக்ஸ் கணினிகளில், விசைகளை மாற்றியமைக்க ஆண்டுக்கணக்காக ஒழுங்காக உழைத்த எக்ஸ்மோட்மேப் கோப்பு பிழைச்செய்தி எதுவும் காட்டாமலே பயனற்றுப்போகிறது. கட்டளை ஓடத்தான் செய்கிறது. ஆனால் வேலண்டில் விசைகளுக்குப் பொருள் தருவது சாளர மேலாளரின் பொறுப்பு என்பதால், எக்ஸுக்காக எழுதியவற்றை வேலண்டில் ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக இயங்கும் பழைய நிரல்களுக்கு அப்பால் அதன் கை நீள்வதில்லை.

இத்தகைய குழப்பம் முன்பும் நேர்ந்ததுண்டு. 2008-ஐ ஒட்டி எக்ஸின் பரவலான வடிவமான எக்ஸ்.ஆர்க், ஈவ்டெவ் என்ற உள்ளீட்டு இயக்கிக்கு மாறியபோது மேல் அம்புக்குறி விசையின் அடையாள எண் 98-இலிருந்து 111 ஆயிற்று. பழைய அட்டவணையில் 111 என்பது பிரிண்ட் ஸ்கிரீனுக்கு உரியது; ஆகவே மேல் அம்பை அழுத்தியவர்களுக்குத் திரைப்பிடிப்புச் சாளரம் திறந்தது. விசை ஒழுங்கைச் சாளர அமைப்பிடமே ஒப்படைத்திருக்கும்வரை ஒவ்வொரு மேம்படுத்தலிலும் இந்த ஆபத்து உண்டு.

கீடி அந்த ஒழுங்கை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. சி மொழியில் எழுதப்பட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள், பின்னணிச் சேவையாக நின்று, இயங்குதளத்தின் கருவான கர்னல் தரும் விசை நிகழ்வுகளைத் தானே வாங்கி, மாற்றியபின் ஒரு மெய்நிகர் விசைப்பலகை வழியாக மேலே அனுப்புகிறது. எனவே எக்ஸ், வேலண்ட், வரைகலை இல்லாத வெறும் முனையம் ஆகிய மூன்றிலும் விளைவு ஒன்றே. எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதன் மானிட்டர் கட்டளையை இயக்கிவிட்டு அழுத்தினால், விசையின் பெயரும் எந்தச் சாதனத்திலிருந்து வந்தது என்பதும் திரையில் தெரியும். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல் என்று ஆக்க ஒரே வரி போதும். மடிக்கணினியின் சொந்த விசைப்பலகைக்கும் வெளியே செருகுவதற்கும் தனித்தனி விதிகளும் எழுதலாம். எல்லாம், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வகுக்கும் தளவமைப்புக்குக் கீழே நடப்பதால், தமிழ்99 பயன்படுத்துவோரின் எழுத்து வரிசை அப்படியே இருக்கும். ஆனால் கோப்பில் விசைகளை ஆங்கிலக் குவர்ட்டி இடப்பெயர்களால்தான் குறிப்பிட வேண்டும்.

தவறான விதியால் விசைப்பலகையே முடங்கிவிட்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சேவை நின்றுவிடும். உருவாக்கியவரின் முன்யோசனைக்கு இது ஒன்றே சான்று.

குறைகளும் உண்டு. மெய்நிகர் விசைப்பலகையை, உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் நூலகம் மடிக்கணினியின் சொந்தமானதாகக் கருதாததால், தட்டச்சின்போது தொடுபலகையை அணைத்துவைக்கும் வசதி வேலை செய்யாமல் போகலாம். அதை மீட்க லிப்இன்புட்டின் விதிவிலக்குக் கோப்பில் 'உள்ளமைந்த விசைப்பலகை' என்று அறிவிக்க வேண்டியுள்ளது. புதிதாக நிறுவுபவருக்கு இது எளிதில் தோன்றாத தீர்வு. விசைப்பலகையில் இல்லாத யூனிகோடு எழுத்தை ஒரு விசைக்கு அளிக்க விரும்பினால் விசைத்தொடர்களை எழுத்தாக மாற்றும் கம்போஸ் கோப்பைத் துணைக்கு அழைக்க வேண்டும். மேல்தளத்து வேலையைக் கீழ்த்தளத்திலிருந்து செய்ய முயல்வதால் அந்த ஏற்பாடு எல்லா நிரல்களிலும் ஒரே சீராக இயங்குவதில்லை.

கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றுவது மட்டுமே நோக்கம் என்றால் கீடி தேவைக்கு மிஞ்சிய கருவி. விசைத் தளவமைப்புகளைக் கவனிக்கும் எக்ஸ்கேபியின் விருப்பங்களில் அது ஏற்கெனவே உள்ளது. பெரும்பாலான வேலண்ட் மேசைச்சூழல்கள் அந்த விருப்பத்தை ஏற்கின்றன. தட்டலுக்கு ஒரு பொருள், பிடித்தலுக்கு வேறொரு பொருள், ஒரு விசையைப் பிடித்திருக்கும்போது மற்றவை வேறு வேலை செய்யும் தனி அடுக்குகள் என்று விரிவாக அமைத்துக்கொண்டவர்களுக்கே கீடியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.