மூன்று மணி நேரத்துக்கு எந்த நிலவறை? சுங்கை சிப்புட் மேசையில் நான்கு விதிநூல்கள்

டேவானை, அதாவது ஊர்ப் பொது மண்டபத்தை, இரண்டு மணிக்குத் திறப்பார்கள் என்று போஸ்டரில் போட்டிருக்கும். சாவி வைத்திருப்பவர் இரண்டரைக்கு வருவார். மேசை விரித்து, விசிறி போட்டு, ஈப்போவிலிருந்து வருகிற கூட்டம் காடி நிறுத்த இடம் பிடித்து உள்ளே வர மூன்றாகிவிடும். ஆறு மணிக்கு மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான்கு மணி நேர ஆட்டம் என்று அறிவிக்கிறோம். கையில் கிடைப்பது மூன்றுக்கும் குறைவு. நடுவில் தே தாரிக், வடை, தொழுகைக்குப் போய்வரும் நண்பர்கள் எல்லாம் அதற்குள்தான்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நடக்கும் சின்ன போர்டு கேம் கூடல் இது. மூலையில் இருப்பது என் மேசை: "பழைய பாணி கற்பனை ரோல்பிளே, ஒரே நாளில் முடியும் கதை, முன்அனுபவம் தேவையில்லை." ரோல்பிளே என்றால் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, நடத்துபவர் சொல்லும் கதைக்குள் என்ன செய்வோம் என்று வாயால் சொல்லி, பகடை உருட்டி முடிவு பார்க்கும் ஆட்டம். பழைய பாணி என்றால் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தொடக்க கால முறை. இருட்டு, விளக்குக்கு ஊற்றும் எண்ணெயின் கணக்கு, மூட்டையின் பாரம், ஒரே குத்தில் போகிற உயிர். தாளில் இருக்கும் திறமையைவிட ஆடுபவரின் மூளை பெரிது.

அந்தப் பாணியைப் புதுப்பித்த நூல்களில் நான்கை இதே மேசையில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்: ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ், ஷேடோடார்க், கேர்ன், டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ். ஒப்பிட வசதியாக நான்குக்கும் ஒரே நிலவறைதான். கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் புகைக்கூடத்துக்குக் கீழே எட்டு அறைகள். மூன்றாவது அறையில் ஆறு குறளிகள் நெருப்பைச் சுற்றிக் குந்தியிருக்கும். (முதலில் கோப்ளின் என்றுதான் சொன்னேன். "அது என்னப்பா?" என்று ஆரம்பித்து பத்து நிமிடம் போனது. குறளி என்றதும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.)

முதலில் ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ். 1981-ல் டாம் மோல்ட்வே, டேவிட் குக் இருவரும் தொகுத்த பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளை கேவின் நார்மன் 2019-ல் ஒழுங்குபடுத்தித் திரும்பத் தந்தது. நடத்துபவருக்கு இதைவிட வசதியான புத்தகம் கிடையாது. வேண்டிய விதி எதிரெதிர்ப் பக்கங்களில் முடிந்துவிடும். குறளி அறையில் இது என்ன செய்கிறது? கதவு திறந்ததும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி அவற்றின் மனநிலையைப் பார்க்க வேண்டும். 2 விழுந்தால் பாய்ந்துவிடும், 12 விழுந்தால் சிநேகம், நடுவில் விழுந்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த முறைப்பில்தான் பேச்சு தொடங்குகிறது. சண்டையே வந்தாலும் முதல் குறளி விழுந்ததும் துணிவுச் சோதனை. அவற்றின் எண் 7, இரண்டு பகடையில் அதற்கு மேல் விழுந்தால் ஓட்டம். 36-க்கு 15 வாய்ப்பு. பாதிக் குறளிகள் செத்து விழுந்தால் மறுபடியும் ஒரு சோதனை. ஆக ஒரு சண்டை பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். மூன்று மணி நேர மேசைக்கு இந்த ஒரு விதி பொன்.

சிக்கல் வேறு இடத்தில். முதல் நிலையில், அதாவது ஆரம்பப் படியில், இருக்கும் திருடனுக்குப் பூட்டுத் திறக்க 15 விழுக்காடு வாய்ப்பு, பொறி கண்டுபிடிக்க 10. புதிதாக வந்த பையன் "நான் திருடன்" என்று ஆசையாக எடுப்பான். மத்தியானம் முழுக்கத் தோற்பான். முதல் நிலைப் பூசாரிக்கு மந்திரமே இல்லை. மந்திரவாதிக்கு நாளுக்கு ஒன்று. அது உறக்க மந்திரமாக இருந்துவிட்டால் ஆறு குறளியும் ஒரே வீச்சில் குறட்டை விடும், மற்ற ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். ஆகவே மூன்றாம் நிலைப் பாத்திரங்களை முன்கூட்டியே எழுதி அச்சடித்துக் கொண்டுபோகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைகாக்ஸ் 1975-ல் ஒரிஜின்ஸ் கூடலில் நடத்திய 'டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' போட்டி ஆட்டம் 1978-ல் நூலாக வந்தபோது அதிலும் ஆயத்தப் பாத்திரங்களின் பட்டியல் இருந்தது. கூடலில் பாத்திரம் உருவாக்கி நேரத்தைக் கொல்வது பழைய பாணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஷேடோடார்க்கைப் பற்றி எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: கூடலுக்கு இதுதான். கெல்சி டியோன் எழுதியது, 2023-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் பத்து லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு ஆடிப் பழகியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும். அதே ஆறு குணங்கள், அதே இருபது முகப் பகடை. உட்கார்ந்தவுடன் எல்லோரும் ஒருமுறை உருட்டி, அதிக எண் வந்தவரிடமிருந்து வலமாகச் சுற்றி வருவார்கள்; சண்டை இல்லாதபோதும் அதே சுற்றுதான். வாய் பேசாத பிள்ளைக்கும் முறை வந்துவிடும். எனக்கு இதில் மிகப் பிடித்தது இந்தச் சுற்று. வேறு எந்த விதியில் ஆடினாலும் இதைத் திருடிக்கொள்கிறேன்.

ஆனால் விளக்கு. ஷேடோடார்க்கின் பெருமையே அதுதான்: தீப்பந்தம் நிஜ நேரத்தில் ஒரு மணி எரியும். மேசையில் போன் டைமர் ஓடும். இருட்டில் பார்க்கும் கண் எந்தப் பாத்திரத்துக்கும் கிடையாது. ஒரே மொழி பேசும் மேசையில் இது அருமையான பதற்றம். என் மேசையில் நான் தமிழில் சொன்னதை ஒருவர் மலாயில் பக்கத்து நண்பருக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்ட கேள்வியை இன்னொருவர் திருப்பித் தமிழில் சொல்ல வேண்டும். அந்த நேரமெல்லாம் பந்தம் எரிகிறது. போன மாதம் குறளி அறை வாசலில், "அவன் என்ன சொல்றான்?" "கதவைத் தொறக்கலாமான்னு கேக்குறான்ணே" என்று போய்க்கொண்டிருந்தபோது டைமர் அடித்தது. மொழிபெயர்த்தவருக்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது பேச்சு மாறும்போது டைமரை நிறுத்துகிறேன். விதிக்காரர்கள் திட்டட்டும்.

கேர்னை எடுத்தால் எதிர்ப்பக்கம். யோகாய் கல் 2020-ல் வெளியிட்டது, இலவசம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதாவது யாரையும் கேட்காமல் தமிழாக்கி அச்சடித்துக் கொடுக்கலாம், பெயரைச் சொல்லி அதே உரிமத்தில் விட்டால் போதும். நான் இரண்டு பக்கமாகத் தமிழில் செய்துவைத்திருக்கிறேன். குணங்கள் மூன்றே: வலிமை, சுறுசுறுப்பு, மனவுறுதி. மூட்டையில் பத்து இடம். தாக்கினால் படுமா படாதா என்ற பகடையே இல்லை. அடித்தால் பட்டுவிடும், எவ்வளவு என்பதற்கு மட்டும் உருட்டு. குறளி அறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது, அதில் இரண்டு நிமிடம் பேரம் பேசியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு ஆட இதைவிடப் பொருத்தமான நூல் என் அலமாரியில் இல்லை.

இருந்தும் கூடலில் இதைக் கொஞ்சம் தயங்கித்தான் எடுப்பேன். "அண்ணே, அட்டாக் ரோல் இல்லையா?"

"இல்லடா தம்பி. அடிச்சா பட்டுரும்."

"அப்போ இந்த டைஸ் எதுக்கு?" இருபது முகப் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வாடிவிட்டது அவனுக்கு. ஆபத்தில் தப்பிக்க அதே பகடை உண்டு என்று சொன்னேன். ஆனால் அடிக்கிற பகடையில் 20 விழுந்து மேசையே எழுந்து கூவுகிற கணம் கேர்னில் வராது. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் 2012-ல் குட்மேன் கேம்ஸ் வெளியிட்டது. முழுப் புத்தகத்தையும் கூடலுக்குக் கொண்டுபோக மாட்டேன்; ஏழு முகம், பதினான்கு முகம், முப்பது முகம் என்று கடையில் கிடைக்காத பகடைகள், ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு பெரிய பட்டியல். அதன் ஃபனல் மட்டும் போதும். ஃபனல் என்றால் புனல். ஒவ்வொருவருக்கும் இரண்டு முதல் நான்கு பூஜ்ய நிலைப் பாத்திரங்கள். வீரர்களல்ல, விவசாயி, குயவர், மந்தை மேய்ப்பவர். உயிர்ப்புள்ளி நான்கு முகப் பகடையில் விழுந்தது. ஆயுதம், தொழிலுக்கு எது கையில் இருக்குமோ அது. மேலே கொட்டினால் கீழே யார் பிழைத்து வருகிறார்களோ அவர்தான் முதல் நிலை வீரர். இந்தக் கட்டத்துக்கு வழக்கமான பகடைகளே பெரும்பாலும் போதும். ஆட்களை இணையத்தில் இருக்கும் உருவாக்கிகள் ஒரு நொடியில் தாள் தாளாகக் கக்கிவிடும்.

நான் தொழில் பட்டியலை மட்டும் மாற்றினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர், கையில் வெட்டுக்கத்தி. தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளி தூக்குபவர், கம்பே ஆயுதம். செம்பனைக் குலை வெட்டுபவர், நீண்ட கம்பில் கட்டிய அரிவாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயா, கையில் பால் குவளை. கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், கையில் பேரேடு. இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தால் விளக்கம் தேவைப்படவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு ரேஞ்சர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். காண்டா வாளியை அவன் பாட்டி சொல்லியிருப்பார். சாகும்போதும் வலிக்காது. மூன்றில் ஒன்று போனால் இன்னும் இரண்டு கையில். பொறிக்குள் தலையை விட யாரும் அஞ்சுவதில்லை. பழைய பாணி ஆட்டத்தின் பாடமே சாவுதான் என்றால், அதைச் சிரித்துக்கொண்டே கற்க இதுதான் வழி.

குறை உண்டு. ஆறு பேருக்கு மூன்று மூன்றாகப் பதினெட்டு ஆட்கள். குறளி அறையில் ஒரு சுற்றுக்குப் பதினெட்டு முறை உருட்டினால் ஆறு மணி அடித்துவிடும். ஆளுக்கு மூன்று நிறத்தில் பகடை கொடுத்து ஒரே நேரத்தில் உருட்டச் சொன்னால் சமாளிக்கலாம்.

இன்னொரு குறை விதியில் இல்லை, ஊரில் இருக்கிறது. முதல் முறை ஓட்டியபோது ஓய்வுபெற்ற கிராணி ஐயா ஒருவர் மேசையில் இருந்தார். பேரன் இழுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் தங்கள் பால்வெட்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பள்ளத்துக்குள் அனுப்பி, செத்தவர் தாளைக் கசக்கி எறிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கசக்கிய தாளையெல்லாம் பொறுக்கி நீவி விட்டு, "செத்தவன் பேரையும் பெரட்டுல ஒரு தடவ கூப்பிடணும்டா" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது.

1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து மலாயாவில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் வந்ததும் ஊருக்குத் தெரிந்த வரலாறு. துரைமார் பெயரைத் தேடினால் உடனே கிடைக்கும். அன்று காலைப் பெரட்டில் நின்றவர்கள் பெயரை எங்கே தேடுவது? ஐயா இதையெல்லாம் சொல்லவில்லை. நான்தான் வீட்டுக்குப் போகிற வழியில் நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து ஃபனலில் என் மேசைக்கு ஒரு விதி கூடியிருக்கிறது. ஒவ்வொரு இரண்டு அறைக்கும் ஒரு பெரட்டு. கிராணி பாத்திரம் வைத்திருப்பவர் பேரேட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். உயிரோடு இருப்பவர் "ஆஜர்" சொல்ல வேண்டும். இல்லாதவர் பெயருக்கு அவர் எப்படிப் போனார் என்று யாராவது ஒரு வரி சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பதினெட்டு ஆட்களில் யார் எங்கே, பந்தம் யார் கையில் என்ற என் குழப்பமும் அதோடு தீர்ந்துவிடுகிறது. பெயர் வைக்கும்போதும் பிள்ளைகள் இப்போது யோசிக்கிறார்கள். முன்பு 'நம்பர் ஒன்', 'நம்பர் டூ' என்று எழுதுவார்கள்.

எதை எடுப்பது என்றால், முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருகிற திறந்த மேசைக்கு ஃபனல். யோசிக்கவே மாட்டேன். ஆயத்தப் பாத்திரத்தில் யார் எதை எடுப்பது என்ற இழுபறி இல்லை, பின்னால் வந்தவருக்கு நடுவிலேயே இரண்டு ஆட்களைக் கையில் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இரண்டாவது முறை வருகிறவர்களுக்கு. பேரம், துணிவுச் சோதனை, அறை அறையாக நகரும் அச்சம் எல்லாம் அதில்தான் முழுதாகக் கிடைக்கும். ஈப்போவிலிருந்து ஐந்தாம் பதிப்பு ஆடும் கூட்டம் மொத்தமாக வந்தால் ஷேடோடார்க், டைமரோடு. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் என்றால் கேர்ன், தமிழ்த் தாளோடு.

கதைக்கு வேறு நூல் தேடுபவர்களுக்கு: ஸ்கெர்ப்பிள்ஸ் எழுதிய இலவச 'டோம்ப் ஆஃப் த செர்பென்ட் கிங்ஸ்' நான்கு விதிக்கும் பெரிய மாற்றமின்றி ஒத்துப்போகும். ஐம்பதுக்கு மேல் அறைகள் இருக்கின்றன. முதல் தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்தில் அதற்கு மேல் போனதாக எனக்கு நினைவில்லை.

அடுத்த கூடலுக்கு இருபத்துநான்கு ஆட்களைத் துண்டுத் தாளில் அடித்துவைத்திருக்கிறேன், பக்கத்துக்கு நாலு பேர், பக்கம் 20 காசு. பையின் அடியில் கேர்னின் தமிழ்த் தாளும் கிடக்கிறது. நாலு மணிக்கு மழை பிடித்தால் டேவானின் தகரக் கூரையில் நான் கத்துவது எனக்கே கேட்காது. அன்று இரண்டு பக்க விதிதான் சரிப்படும்.